கனகவல்லி பேரில் ஒரு வீடு

பெண்கள் பெயரில் மனை வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று தள்ளுபடி என்றும், சொந்த வீடில்லாத குடும்பத்துக்கு வீடு கட்ட மானியம் உண்டு, ஆனால் அது குடும்பத் தலைவியின் பெயரில்தான் உண்டு என்றும் அரசாங்கம் அறிவித்த வருஷத்தில், பாலாற்றங்கரை வெண்மணல்பட்டின் ஆண்கள் தங்கள் மனைவிமாரின் முழுப்பெயரைத் தெரிந்துகொண்டார்கள். அதுவரை ‘ஏய்’ என்றும் ‘இந்தா’ என்றும் ‘பெரியவனோட அம்மா’ என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும் ரேஷன் கார்டில் வேறு விதமாகவும் கிடந்த அந்தப் பெயர்களைத் திருத்துவதற்காக இ-சேவை மையத்தின் வாசலில் வெயிலில் நின்றார்கள், மனைவியைப் பக்கத்தில் நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள், கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டு, தெரியும் என்ற பதிலைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள்.

அவர்களில் முதல் ஆள் தணிகாசலம். அரிசி ஆலையில் மேனேஜர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். யார் எதைச் சும்மா கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதை அவரால் தாங்க முடியாது. “கவர்மெண்ட் குடுக்கிறத வேணாம்னு சொன்னா, நாம கவர்மெண்டுக்குக் குடுத்த மாதிரி ஆயிடும்” என்று அவர் ஆலையில் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். அவர் சொல்லித்தான் ஊருக்கு மேற்கே புதிதாகப் போட்டிருந்த குபேரா நகரில் ஆசாரி பரசுராமனும், ஹெட்மாஸ்டர் ஞானசிகாமணியும், பெயிண்டர் தனபாலும், இன்னும் பலரும் மனை வாங்கினார்கள். எல்லா மனையும் மனைவி பேரில்.

பத்திரப் பதிவு அன்றைக்கு, பத்திரம் எழுதுகிறவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியதைகளுடன், தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று கடைசிவரை படித்துக் காட்டினார். தணிகாசலம் தள்ளுபடி சரியாகக் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கனகவல்லி, தன் பெயரை இன்னொருவர் இத்தனை தடவை உரக்கச் சொல்லிக் கேட்டதில் வெட்கப்பட்டு, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்று மட்டும் கேட்டாள்.

வீடு எழும்பியது. அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, லிண்டல் மட்டத்துக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை என்று மானியம் வந்தது, ஒவ்வொரு தவணைக்கும் அதிகாரி ஒருவர் வந்து கனகவல்லியை வீட்டு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். பால் காய்ச்சினார்கள், குடிவந்தார்கள். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பேரூராட்சியிலிருந்து முதல் வீட்டு வரி ரசீது ‘உரிமையாளர்: த. கனகவல்லி’ என்று அச்சாகி வந்த அன்று மாலை தணிகாசலம் ஆலையிலிருந்து திரும்பிச் சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தார். பின்பக்கம் போய் அந்தக் கதவையும் இடித்தார். கடையிலிருந்து வந்த கனகவல்லி, ஒரு கையில் எண்ணெய் பாட்டிலும் இன்னொரு கையில் கீரைக்கட்டுமாக, முழங்கையால் லேசாகத் தள்ளினாள். கதவு திறந்தது.

“மழை ஈரத்துல பிடிச்சிருக்கும்” என்றாள். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஆசாரி பரசுராமன் வந்து கதவைக் கழற்றி, ஓரம் இழைத்து, திரும்ப மாட்டிக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் கதவு தணிகாசலத்துக்குத் திறக்கவில்லை. இரண்டு தரம் திட்டிவிட்டு மூன்றாம் தரம் ஆசாரியைக் கூப்பிடப் போனபோது, பரசுராமன் தன் வீட்டு வாசலில் உளியோடு உட்கார்ந்திருந்தார். “உனக்குமா?” என்றார் தணிகாசலம். “வரி ரசீது நேத்து வந்துதுங்க” என்றார் பரசுராமன்.

அந்த வாரத்துக்குள் குபேரா நகர் முழுக்க ரசீது வந்து சேர்ந்தது, குபேரா நகர் முழுக்க ஆண்கள் வாசலில் நின்றார்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் பதறவில்லை. குழாயில் தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று தெரிந்துகொள்வதுபோல், கதவுகளின் வழக்கத்தையும் தெரிந்துகொண்டார்கள். பத்திரத்தில் யார் பெயரோ அவருக்கு வீடு திறக்கும். மற்றவர்களுக்கு அவர் ‘வாங்க’ என்று சொன்னால் திறக்கும். வெளியே போய்விட்டால் திரும்பவும் சொல்ல வேண்டும். வாய் மட்டும் சொன்னால் போதாது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஹெட்மாஸ்டர் ஞானசிகாமணியின் மனைவி தினமும் தவறாமல் ‘வாங்க’ என்று சொன்னாள், தினமும் கதவு ஒரு சாண் மட்டுமே விலகியது, ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லித் தந்த மனிதர் தலையை முதலில் விட்டு, பிறகு ஒரு தோள், பிறகு பை என்று தவணை தவணையாக உள்ளே போனார். குடிக்கிறான் என்று எல்லாரும் ஏளனமாகப் பார்த்த பெயிண்டர் தனபாலுக்கோ, அவன் மனைவி அடுப்படியிலிருந்தே “வந்துட்டியாய்யா” என்று குரல் கொடுத்ததும், இரண்டு கதவும் சுவரில் போய் மோதின. தெருவே பார்த்தது. யார் வீட்டில் யாருக்கு எவ்வளவு இடம் என்பது அதுவரை அவரவர் வீட்டுக்குள் இருந்த விஷயம். இப்போது அது தெருவுக்கும் தெரிந்தது. மனைவியை நம்பாமல், தாய் பேரில் எழுதி வைத்த ஒரு கெட்டிக்காரனும் இருந்தான். அவன் வீட்டு வாசலில் அவனும் அவன் மனைவியும் இருவருமாக நின்றார்கள்.

வரி வசூலிக்க வந்த பேரூராட்சி ஆள், பழக்கத்தில், “வீட்டுக்காரர் இருக்காரா?” என்று கேட்டு, வாசலில் நின்ற ஆணும் உள்ளே நின்ற பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைக் கண்டு, அந்த வார்த்தையை விட்டுவிட்டு, கதவு எண்ணைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

பூங்காவுக்கென்று ஒதுக்கிச் செடி வைக்காமல் விட்டிருந்த இடத்தில் ஆண்கள் மாலைகளில் கூடினார்கள். அங்கே ஒரு டீக்கடை முளைத்தது. மனை விற்றவர்கள் விட்டுவிட்டுப் போன தகரக் கொட்டகையில் கேரம் போர்டு வந்தது. எந்தக் கடையில் முருங்கைக்காய் பிஞ்சாகக் கிடைக்கும், எந்தப் பூவுக்குக் கதவு எத்தனை விரல் கூடுதலாகத் திறக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பூவுக்குக் கதவு மசியவில்லை என்பதைச் செலவு செய்து கண்டுபிடித்தார்கள்.

கடைசியில் ஒரு குழுவாகத் தாலுகா அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அவரும் வீடு வாங்கியவர்தான், கூடுதல் கட்டணம் கட்டித் தன் பேரிலேயே வாங்கியவர்.

“கதவு திறக்கலைங்கறதுக்கு எங்ககிட்ட விதி ஒண்ணும் இல்ல” என்றார். “பேரை மாத்திக்கலாம். அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்தினா மானியத்தை வட்டியோட திருப்பிக் கட்டணும். தள்ளுபடியும் போயிடும். புதுப் பத்திரத்துக்கு இன்னைக்கு இருக்கிற வழிகாட்டி மதிப்புல முத்திரைத்தாள் வாங்கணும். கட்டறீங்களா?”

தணிகாசலம் மனக்கணக்குப் போட்டார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். “வாசல்ல நிக்கிறதுக்குச் செலவு ஒண்ணும் இல்லையே” என்றார் அவர். எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

தணிகாசலத்துக்கு நின்று பழகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். கனகவல்லி ‘வாங்க’ என்றால், டிபன் பையும் கையுமாக ஒரு ஆள் நேராக நுழையும் அளவுக்குக் கதவு திறந்தது. முழுக்கத் திறந்ததில்லை. ஹெட்மாஸ்டரை நினைத்துப் பார்த்து அவர் திருப்திப்பட்டுக்கொண்டார். முழுக்கத் திறக்காததற்குக் காரணம் அவருக்குத் தெரியும், கனகவல்லிக்கும் தெரியும், இருவரும் அதைப் பேசுவதில்லை.

காரணம் அவர்கள் மகள் ரேணுகா. ஆற்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து அவள் இரண்டு தடவை, வாடகை வீட்டில் இருந்த காலத்தில், கிளம்பி வந்திருந்தாள். முதல் தடவை தணிகாசலம் அவளை வாசற்படி தாண்ட விடவில்லை. “உன் வீடு அங்கதான்” என்றார். இரண்டாம் தடவை அவரே ஆட்டோ பிடித்து, அவரே ஏற்றிவிட்டு, டிரைவரிடம் சில்லறை மிச்சம் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு தடவையும் கனகவல்லி அவருக்குப் பின்னால், மகளுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றாள்.

மூன்றாம் தடவை ரேணுகா குபேரா நகருக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். கனகவல்லி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தணிகாசலம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு துணிப்பையும், பழைய புடவையில் சுற்றிய மிக்ஸி ஒன்றை இடுப்பிலுமாகச் சுமந்து வந்தவள், அவரைக் கண்டதும் தெருவிலேயே நின்றாள்.

“எப்ப கிளம்பின?”

“காலையில.”

“சொல்லிட்டு வந்தியா?”

“சொல்ற மாதிரி இல்லப்பா.”

உன் வீடு அங்கதான் என்ற சொல் அவர் தொண்டைவரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு மனிதன் கதவுக்கு உள்ளே நின்றிருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் கதவை மறைத்துக்கொண்டாவது நின்றிருக்க வேண்டும். அவரோ படியில், செருப்பும் கழற்றாமல், வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உள்ள போக முடியாது” என்றார். “உங்கம்மா வரணும்.”

“நீங்களும் அதுக்குத்தான் உக்காந்துனு இருக்கீங்களா?”

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் மிக்ஸியை நடுவில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஒரே படியில், ஒரே மூடிய கதவுக்கு முன்னால், அப்பாவும் பெண்ணும் காத்திருந்தார்கள்.

கனகவல்லி அரிசிப் பையோடு தெருமுனையில் திரும்பும்போதே இருவரையும் பார்த்துவிட்டாள். கிட்டே வந்தாள். மகளின் கைகளைப் பார்த்தாள். கண்ணாடி வளையல் ஒன்றுகூட இல்லை, வளையல் இருந்த இடத்தில் கீறல்கள் இருந்தன. அரிசிப் பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

“வா.”

பால் காய்ச்சிய அன்றுகூடத் திறக்காத இரண்டாவது கதவின் அடித்தாழ்ப்பாள் தானாக எகிறியது. இரண்டு கதவும் அகல விரிந்தன, சமையலறை ஜன்னல்வரைக்கும் தெருவிலிருந்து தெரிந்தது. ரேணுகா எழுந்து உள்ளே போனாள். கனகவல்லி பின்னாலேயே போனாள். தணிகாசலமும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் மூக்கைத் தொடாமல், சத்தமும் போடாமல், கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் யோசித்தார்: அவள் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. ‘வா’ என்றாள். ஒருத்திக்குச் சொன்னது.

அரைமணி நேரம் கழித்து ஜன்னலில் கனகவல்லி வந்தாள். “சாப்ட்டீங்களா?”

“உள்ள கூப்பிடுடி.”

“இப்ப கூப்பிட்டா வாய்தான் கூப்பிடும். கதவு அசையாது. நாலு பேர் பாக்க எதுக்குங்க?”

தட்டு ஜன்னல் கம்பிக்குள் நுழையவில்லை. சப்பாத்தியைச் சுருட்டி ஒவ்வொன்றாக நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார். பிறகு தகரக் கொட்டகைக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் எதுவும் கேட்காமல் கேரம் போர்டில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் கொட்டகையில் இருந்து ஆலைக்குப் போய்வந்தார். கேட்கிறவர்களிடம் ஆலையில் வேலை அதிகம் என்றார். பிறகு ஒருநாள், அவரைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பாத முடிவுக்கு வந்தார். மானியத்தை வட்டியோடு கட்டிவிடுவது, தள்ளுபடியை விட்டுவிடுவது, முத்திரைத்தாளும் வாங்குவது. நஷ்டம் என்று தெரிந்தே அவர் ஒப்புக்கொண்ட முதல் காரியம் அதுதான். ஜன்னலுக்குப் போய், “வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுத்துடு” என்றார்.

“என்னைக்குப் போகணும்?” என்றாள் கனகவல்லி.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று அவர் நினைத்தார்.

சார்பதிவாளர் புதிதாக வந்திருந்த இளம்பெண். தானப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தாள். தணிகாசலம் பதில் சொல்லத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

“அம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? நீங்க முழு மனசோடதான் எழுதிக் குடுக்கறீங்களா?”

வாங்குகிறவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கொடுக்கிறவரிடம் கேட்காமல் விடுவதில்லை. அது சட்டம்.

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லலாங்களா?” என்றாள் கனகவல்லி.

“தாராளமா.”

அவள் வெளியே போய், வேப்பமரத்தடியில் ஒரு கரும்புச்சாறு வாங்கி, இஞ்சி போடாமல் கேட்டு, நின்று நிதானமாகக் குடித்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“இல்லைங்க. எனக்குச் சம்மதம் இல்ல.”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தணிகாசலம் அவள் பக்கம் திரும்பினார். “அப்புறம் எதுக்குடி வந்த?”

“இவங்க கேப்பாங்கன்னு தெரியும். நாலு பேர் முன்னாடி ஒரு தடவை சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு.”

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். அவளே அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

“ரெண்டு தரம் அவளைத் திருப்பி அனுப்பினீங்க” என்றாள், ஜன்னலுக்கு வெளியே வறண்டு கிடந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே. “நான் பின்னாடி நின்னேன். அப்ப வீடு என்னுது இல்ல. வாடகைகூட நீங்கதான் குடுத்தீங்க. இப்ப என்னுதா ஆயிடுச்சு. என் பேர்ல எழுதுங்கன்னு நான் கேக்கலியே, நீங்கதான எழுதினீங்க?”

நூற்றுக்கு ஒன்று மிச்சமாகும் என்பதற்காக எழுதினேன் என்று சொல்லலாம். அது அவளுக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்தான், ஒரு வேனில், பெரியப்பா, சித்தப்பா, இன்னும் இரண்டு தடித்த ஆட்களோடு. தணிகாசலம் அந்த நேரத்தில் வாசலில்தான் இருந்தார். தினமும் ஆலைக்குப் போகுமுன் ஜன்னலில் வாங்கிக் குடிக்கிற காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அவளைக் கூப்பிடுங்க” என்றான் மாப்பிள்ளை. “போன தடவை மாதிரி நீங்களே ஏத்தி விட்டுடுங்க. பேச்சு வேணாம்.”

தணிகாசலம் டம்ளரைப் பார்த்தார். ஜன்னலுக்குள் ரேணுகா நிற்பது அவருக்குத் தெரியும். அவள் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. இத்தனை நாள் யாரிடமும் ஒத்துக்கொள்ளக் கூசிய ஒரு விஷயம், ஆலையில் மறைத்த விஷயம், அப்போது அவர் வாயிலிருந்து சாதாரணமாக வந்தது.

“வீடு என் பேர்ல இல்ல மாப்ள.”

“இன்னா மாமா விளையாடறீங்க? கதவைத் திறங்க.”

“எனக்கே திறக்காது. வேணும்னா தள்ளிப் பாருங்க.”

மாப்பிள்ளை தள்ளினான். பெரியப்பாவும் சித்தப்பாவும் தள்ளினார்கள். தடித்த ஆட்கள் இருவரும் பின்வாங்கி ஓடிவந்து மோதினார்கள். சத்தம் கேட்டுப் பூங்காவிலிருந்து குபேரா நகரின் ஆண்கள் டீ டம்ளர்களோடு வந்து அரைவட்டமாக நின்றார்கள். “தோள் போயிடும் தம்பி, நான் ஒரு மாசம் இடிச்சவன்” என்றார் பரசுராமன். பின்பக்கமும் இதே கதைதான் என்று ஹெட்மாஸ்டர் அறிவித்தார்.

மாப்பிள்ளை வியர்த்துப்போய்த் திரும்பினான். “இத்தனை பேர் நிக்கிறீங்களே, ஊர்ல ஆம்பளைங்களே இல்லியா?”

“இருக்கோம்” என்றான் தனபால். “மானியம் வாங்கின ஆம்பளைங்க.”

யாரும் சிரிக்கவில்லை, அது ஒரு தகவல்தான். டீக்கடைக்காரர் வந்தவர்களுக்கும் சேர்த்து டீ கொண்டுவந்தார். குடித்தார்கள். பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டு, தன் வீடு யார் பேரில் இருக்கிறது என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்று, முகம் மாறி, “கிளம்பலாம்” என்றார். வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. போலீசுக்குப் போவேன் என்று மாப்பிள்ளை கத்தியது தெருமுனைவரை கேட்டது.

தணிகாசலம் காபியைக் குடித்து முடித்தார். ஆறிப்போயிருந்தது. பெண்ணைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, அல்லது சொல்வதற்கு வேறொன்றும் இல்லாததால் சொன்னாரா என்று அன்று முழுக்க ஆலையில் யோசித்தும் அவருக்கே பிடிபடவில்லை. மாலையில் திரும்பி வந்து வழக்கம்போல் ஜன்னலுக்குப் போனார். ஜன்னலில் யாரும் இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து கனகவல்லியின் குரல் வந்தது.

“வாங்க.”

கதவு விலகியது. ஒரு சாணுக்கு மேல், ஒன்றரைச் சாணுக்குக் கீழே. குபேரா நகரின் ஆண்கள் தங்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அது அங்கே வழக்கமாகிவிட்ட மரியாதை. தணிகாசலம் செருப்பைக் கழற்றினார், பையை முதலில் விட்டார், வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

உள்ளே எல்லாம் இடம் மாறியிருந்தது. அவர் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு தையல் மெஷின் இருந்தது. அலமாரி எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. தான் கட்டிய கூடத்தின் நடுவில், எந்தப் பக்கம் போவது, எதைத் தொடுவது என்று தெரியாமல், பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

ரேணுகா தையலை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த ஒரு புது நாற்காலியை இழுத்துவந்து போட்டாள்.

“உக்காருங்கப்பா” என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.